அலாஸ்கா கப்பலுக்கு எத்தனை சேலை எடுத்துப் போவது?

கேள்வி: எனக்கு 63 வயது, என் வீட்டுக்காரருக்கு 69. ஊர் பாளையங்கோட்டை. ஜூலையில் சியாட்டிலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து ஏழு இரவு அலாஸ்கா கப்பல் பயணத்துக்கு மகளும் மாப்பிள்ளையும் டிக்கெட் போட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பெட்டிதான் என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நான் சேலை மட்டும்தான் கட்டுவேன். தினமும் குளிக்கும்போதே துணியைத் துவைத்துப் போட்டுப் பழக்கம். உள்ளாடையை இன்னொருவர் கையில் துவைக்கக் கொடுக்க மனசு வரவில்லை. அவர் சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர். எத்தனை துணி எடுத்துப் போவது? எங்கே துவைப்பது, எங்கே காயப்போடுவது? சின்ன அயர்ன் பாக்ஸ் ஒன்று கொண்டு போகலாமா?

பதில்: அம்மா, வணக்கம். பதினான்கு வருடம் பயணிகள் கப்பல்களில் வேலை பார்த்தவன் நான். முதலில் அறைகளைக் கவனிக்கும் ஸ்டூவர்ட், பிறகு அடித்தளத்துச் சலவைக்கூடத்தில் வேலை, கடைசி ஐந்து வருடம் அங்கேயே லாண்ட்ரி மாஸ்டர். நீங்கள் முதலில் சேலைக் கணக்கைக் கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்தவரைக்கும் கப்பலில் சேலையால் யாரும் கஷ்டப்பட்டதில்லை. கஷ்டப்படுத்துவது உள்பாவாடைதான்.

யோசித்துப் பாருங்கள். பூனம் சேலையோ ஜார்ஜெட்டோ அலசி உதறிப் போட்டால் நாலைந்து மணி நேரத்தில் காய்ந்துவிடும். காட்டன் உள்பாவாடை அப்படியா? துணியே கனம். நாடா போகும் பட்டையில் துணி மடிப்பு மடிப்பாக இருக்கும். கீழே மடித்துத் தைத்த ஓரம் வேறு. ஊரில் மொட்டை மாடி வெயிலில் மதியத்துக்குள் மொடமொடவென்று ஆகிவிடும் அதே பாவாடை, கப்பல் அறையில் இரண்டு நாள் தொங்கினாலும் நாடாப் பட்டையில் ஈரம் விடாது. லைனிங் வைத்த ப்ளவுஸும் அவருடைய பருத்திப் பேன்ட்டும் இதே ரகம்.

அதனால் ஏழு நாளுக்கு ஏழு என்று எண்ண ஆரம்பிக்காதீர்கள். எடுத்துப் போக நினைக்கும் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி, ராத்திரி போட்டால் காலையில் காய்வது ஒரு பக்கம், காயாதது ஒரு பக்கம் என்று பிரியுங்கள். காய்வதில் இரண்டு மூன்று இருந்தால் வாரம் முழுக்க ஓட்டலாம். காயாதது எதுவானாலும் நாள் கணக்குப்படி வேண்டும், அல்லது அதற்குப் பதில் வேறொன்று வேண்டும். பெட்டி நிறைவதும் குறைவதும் இந்த இரண்டாவது பக்கத்தில்தான் இருக்கிறது.

உள்பாவாடைக்குப் பதில் இப்போது ஜவுளிக்கடைகளில் சாரி ஷேப்வேர் என்று விற்கிறார்கள். பின்னல் துணி, மீன் வால் மாதிரி கீழே விரியும், நாடா கிடையாது. அலசிப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். உங்கள் அளவுக்கு ஒன்று பெரிதாகவே வாங்குங்கள். கப்பலில் ஏற, பஸ்ஸில் ஏற கால் தாராளமாக விரிய வேண்டும். அது இறுக்கமாக இருக்கிறது, பழக்கமில்லை என்றால் எலாஸ்டிக் வைத்த மெல்லிய சாட்டின் பாவாடை வாங்கிக்கொள்ளலாம். எதுவானாலும் மூன்று போதும். பட்டுச்சேலைக்கு மட்டும் ஒரு காட்டன் பாவாடை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கப்பலில் துவைக்கவே வேண்டாம்.

சேலை ஐந்து வையுங்கள். தினசரிக்கு பூனம், கிரேப், ஜார்ஜெட் எதில் வசதியோ அதில் நாலு, பட்டு ஒன்று. ஏழு இரவுப் பயணத்தில் ஒன்றோ இரண்டோ இரவு எல்லாரும் நன்றாக உடுத்திக்கொண்டு சாப்பிட வரும் வழக்கம் உண்டு. கோட்டு சூட்டு வாங்க வேண்டுமோ என்று உங்கள் மகள் யோசித்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்குப் பட்டுச்சேலையும் அவருக்குப் பட்டு வேட்டி சட்டையும் போதும். நான் வேலை பார்த்த கப்பல்களில் அவரவர் ஊர் உடையில் வருகிறவர்களுக்கு நல்ல மரியாதை இருந்தது. அந்த இரவுகளில் போட்டோ எடுக்கிறவர்கள் முதலில் நம் ஆட்களைத்தான் தேடி வருவார்கள். பட்டை மடித்து, பழைய பருத்தித் துணியில் சுற்றி, பெட்டியின் மேல்பக்கத்தில் வையுங்கள். அறைக்குப் போனதும் முதல் வேலையாக எடுத்து ஹேங்கரில் மாட்டுங்கள். மடிப்பு விழுந்திருந்தால் நீங்கள் சுடுதண்ணீரில் குளிக்கிற நேரம் குளியலறைக்கு வெளியே கதவோரம் தொங்கட்டும். உள்ளே வேண்டாம், தண்ணீர் தெறித்தால் பட்டில் புள்ளி விழும்.

தினசரிக்கு லைனிங் இல்லாத ப்ளவுஸ் நாலு. சுங்குடிச் சேலையை மகள் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சாயம் விடும். கப்பலில் துண்டு, படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் வெள்ளை. மஞ்சளையும் குங்குமத்தையும் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மஞ்சள் கறையில் சோப்பின் காரம் பட்டால் சிவப்பாகிவிடும். வெயிலில் போட்டால் வெளிறிவிடும், ஆனால் எங்கள் சலவைக்கூடத்தில் வெயில் ஏது? அந்த ஒரு வாரம் மட்டும் மஞ்சள் பூசாமல், ஸ்டிக்கர் பொட்டோடு இருந்தால் கீழே வேலை பார்க்கிற பிள்ளைகளுக்குப் பெரிய உதவி.

ஐயாவுக்கு மூன்று சட்டை, சீக்கிரம் காய்கிற பாலியஸ்டர் கலப்புப் பேன்ட் இரண்டு, பனியன் நாலு, அறைக்குள் கட்டக் கைலி இரண்டு. கைலி மெல்லியது, ராத்திரியில் காய்ந்துவிடும். கைலியும் நைட்டியும் அறைக்கதவுக்கு உள்ளேதான். காலைக் காப்பி எடுக்க ஒரு நடை போய் வரலாம் என்று தோன்றும். அப்போதும் உடை மாற்றிக்கொண்டே போங்கள்.

இனி குளிர். அலாஸ்காவில் ஜூலை மாதத்திலும் பகல் வெப்பம் 17, 18 டிகிரிதான். பனியாற்றுக்குப் பக்கத்தில் கப்பல் மெதுவாகப் போகும்போது மேல்தளத்தில் காற்று எலும்பைத் தொடும். கெட்சிக்கன் என்ற துறைமுகத்தில் வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அங்கே குடை நிற்காது, தலைமூடி வைத்த மழைக்கோட்டு வேண்டும். இதை ஊரில் வாங்கிச் சுமக்காதீர்கள், சியாட்டிலே மழை ஊர்தான், மகள் வீட்டில் இருக்கும். சேலைக்கு உள்ளே தெர்மல் பேன்ட் (குளிருக்கு உடம்போடு ஒட்டிப் போடும் உள்ளுடுப்பு), ப்ளவுஸுக்கு மேல் முழுக்கை தெர்மல், அதற்கு மேல் ஸ்வெட்டர், மேலே மழைக்கோட்டு. தெர்மலும் செயற்கை இழை என்றால் சீக்கிரம் காயும், இரண்டு செட் போதும். வெளியே போகிற நாட்களில் சேலையை இரண்டு விரல்கடை தூக்கிக் கட்டி, முந்தானையைத் தோளில் பின் குத்தி, நுனியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம். பிடிமானம் உள்ள ஷூவும் காலுறையும் போடுங்கள். மேல்தளம் பெரும்பாலும் ஈரமாகத்தான் இருக்கும். காலுறை ஆளுக்கு ஐந்து ஜோடி. கம்பளிக் காலுறை காய நேரமாகும்.

துவைப்பதற்கு வருகிறேன். உள்ளாடையை வெளியே கொடுக்க மனசில்லை என்றீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கொடுக்கவும் வேண்டாம். குளிக்கும்போதே அலசிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. ஆனால் கப்பல் குளியலறை நம் வீட்டுக் குளியலறை மாதிரி இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். வாளி கிடையாது, கப் கிடையாது, துவைகல் கிடையாது. திரும்பினால் முழங்கை இடிக்கிற அளவு இடம். கை கழுவும் தொட்டியின் வாயை அடைத்துத் தண்ணீர் பிடித்து, பார் சோப்பில் பாதியை வெட்டிக் கொண்டுபோனதை வைத்து லேசாகத் தேய்த்தால் போதும். பவுடர் வேண்டாம், அலச அலச நுரை போகாது.

அலசிய பிறகு செய்யும் ஒரு காரியத்தில்தான் காய்வதும் காயாததும் இருக்கிறது. முறுக்கிப் பிழிந்தால் மட்டும் போதாது. கட்டிலில் ஒரு காய்ந்த துண்டை விரித்து, பிழிந்த துணியை அதன்மேல் பரத்தி, பாய் சுருட்டுகிற மாதிரி இறுக்கிச் சுருட்டுங்கள். சுருளைத் தரையில் வைத்து, நாற்காலியையோ சுவரையோ பிடித்துக்கொண்டு காலால் நன்றாக மிதியுங்கள். துணியில் இருக்கும் ஈரத்தில் பெரும்பகுதி துண்டுக்குப் போய்விடும். முட்டி வலி இருந்தால் ஐயா மிதிக்கட்டும். பிறகு உதறித் தொங்கவிட்டால் மெல்லிய துணி காலையில் கட்டத் தயார். ஈரத் துண்டைக் குளியலறைத் தரையில் போட்டுவிடுங்கள், ஸ்டூவர்ட் மாற்றிவிடுவார்.

தொங்கவிட, ஷவர் இருக்கும் இடத்தில் பெரும்பாலான கப்பல்களில் இழுத்து மாட்டும் கயிறு ஒன்று இருக்கும். சுவரில் வட்டமாக ஒரு குமிழ் தெரியும், அதை இழுத்து எதிர்ச்சுவர்க் கொக்கியில் மாட்டுவது. நாலைந்து துணி தாங்கும். கப்பல் அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கி நன்றாகப் பிடிக்கும். ஆறு கொக்கி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர், மழைக்கோட்டு, தொப்பி எல்லாம் சுவரேறிவிட்டால் அறை பெரிதாகிவிடும். படுக்கப் போகும்போது குளியலறைக் கதவைத் திறந்து வையுங்கள். ஏசி அறையின் காற்று வறண்டது, வெளியே பெய்கிற மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏசி காற்று வரும் துளையையும், கூரையில் இருக்கும் புகை உணரும் கருவியையும் துணியால் மூடிவிடக் கூடாது.

பால்கனி இருக்கும் அறை என்றால் கை அரிக்கும், தெரியும். நல்ல காற்று, கம்பி, வெளிச்சம். அங்கே ஒரு கைக்குட்டைகூடப் போடாதீர்கள். பறந்து போவது இருக்கட்டும், தீப்பற்றும் ஆபத்து இருக்கிறது. 2006 மார்ச்சில் ஸ்டார் பிரின்சஸ் என்ற கப்பல் ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது நடு ராத்திரியில் ஒரு பால்கனியில் தீப்பிடித்து வரிசையாகப் பல அறைகளுக்குப் பரவியது. ஒரு பயணி இறந்துபோனார். யாரோ எறிந்த சிகரெட் துண்டு, பால்கனியில் இருந்த எரியக்கூடிய பொருளில் விழுந்து கனன்றிருக்க வேண்டும் என்பதுதான் விசாரணையின் முடிவு. கடலில் தீயணைப்பு வண்டி வராது அம்மா. கப்பலில் வேலைக்குச் சேரும் யாருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது தீயைப் பற்றித்தான்.

அயர்ன் பாக்ஸ் கூடாது என்பதும் இதற்காகத்தான். ஏறும்போதே பெட்டியை ஸ்கேன் செய்து எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும்போது தருவார்கள். கெட்டில், மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, கற்பூரம் எல்லாவற்றுக்கும் இதே கதி. காலையில் விளக்கேற்றும் பழக்கம் உண்டென்றால் சின்ன பேட்டரி விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மூன்று முனை பிளக் அங்கே சேராது, அமெரிக்க முனை கொண்ட சார்ஜரை மகளிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது எண்ணெய்க் குளியல். ஐயாவிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள்: கப்பலில் வருகிற அந்த ஒரு சனிக்கிழமையை விட்டுவிடட்டும். வழுக்கி விழுவது ஒரு பயம். அசைகிற தரை, கைப்பிடி அளவு இடம், 69 வயது. இன்னொரு பயம் எங்களுடையது. நல்லெண்ணெய் ஊறிய துண்டு ஒரு துவைப்பில் முழுசாகப் போகாது. மிச்சம் இருக்கும் எண்ணெயோடு அது உலர்த்தும் இயந்திரத்தில் சூடாகி, மற்றத் துண்டுகளோடு மடித்து அடுக்கப்பட்டால், அடுக்குக்கு உள்ளேயே எண்ணெய் காற்றோடு வினை புரிந்து மெல்ல மெல்லச் சூடேறும். நெருப்புப் பொறியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். மசாஜ் அறைத் துண்டும் சமையலறைத் துணியும் வரும்போது நாங்கள் அவற்றைத் தனியாகத் துவைத்து, ஆறவைத்துத்தான் மடிப்போம். ஒரு தடவை அப்படிப்பட்ட ஒரு கட்டு தொட முடியாத சூட்டில் இருந்ததை நானே கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த நடுக்கம் இன்னும் நினைவிருக்கிறது. தலைக்குத் தேங்காயெண்ணெய் கொஞ்சம் தடவுவதில் தப்பில்லை. தலையணைமேல் விரிக்கப் பழைய துணி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கையால் துவைத்து மாளாதவற்றுக்கு இரண்டு வழி. சில நிறுவனங்களின் கப்பல்களில் பயணிகளே துவைத்துக்கொள்ளும் இயந்திர அறை இருக்கும். பிரின்சஸ், கார்னிவல், டிஸ்னி கப்பல்களில் உண்டு, காசு கட்ட வேண்டும். கியூனார்டில் இலவசம். ராயல் கரீபியனிலும் செலிபிரிட்டியிலும் கிடையாது. எந்தக் கப்பல் என்று நீங்கள் எழுதவில்லை, மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே இஸ்திரிப் பெட்டி இருக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாக் கப்பலிலும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கப்பல் நாள் முழுக்கக் கடலில் ஓடும் நாளின் காலையில் அங்கே போகாதீர்கள், வரிசை நிற்கும். துறைமுகத்தில் எல்லாரும் இறங்கிப் போன பிறகோ, இரவுச் சாப்பாட்டு நேரத்திலோ போனால் காலியாக இருக்கும். துணியைப் போட்டுவிட்டு அறைக்கு வந்துவிடாதீர்கள். முடிந்ததும் அடுத்தவர் வெளியே எடுத்து வைத்துவிடுவார், உங்கள் பாவாடை மேசைமேல் கிடக்கும். உலர்த்தும் இயந்திரம் அதிகச் சூடு வைக்கும், காட்டன் சுருங்கும், சேலையின் ஜரிகை ஓரம் இழுத்துக்கொள்ளும். உலர்த்தி முடிந்ததும் வலைத்தட்டில் சேர்ந்திருக்கும் பஞ்சை எடுத்துப் போட்டுவிடுங்கள்.

இன்னொரு வழி, அறையில் இருக்கும் சலவைப் பையில் போட்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பது. துணிக்கு இவ்வளவு என்று விலை. ஒரு சட்டைக்கு அவர்கள் கேட்கிற டாலரை ரூபாயாக்கிப் பார்த்தால் நமக்கு மனசு கேட்காது. ஆனால் பல கப்பல்களில் பயணத்தின் நடுவில் ஒருநாள், பையில் அடைக்கிற வரைக்கும் அடைக்கலாம், மொத்தத்துக்கும் ஒரே விலை என்று சீட்டு வரும். அன்றைக்கு நாலு பேர் துணியையும் சேர்த்து ஒரே பையில் கொடுங்கள். பேன்ட், சட்டை, பிள்ளைகளின் பனியன், காலுறை இவற்றுக்கு அது சரியாக வரும். சேலை, ப்ளவுஸ், கம்பளி எதையும் அதில் போடாதீர்கள். சுடுதண்ணீரும் பெரிய உலர்த்தியும்தான் அங்கே, ஒவ்வொரு துணியாகப் பார்த்துப் பதம் பார்க்க நேரம் இருக்காது. திரும்பி வர ஒருநாள் இரண்டுநாள் ஆகும், கடைசி நாளில் வாங்க மாட்டார்கள்.

கேட்கச் சங்கடமாக இருந்தாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். பயணத்தில் யாருக்காவது வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து துணியோ படுக்கையோ வீணானால், வெட்கப்பட்டு நீங்களே ராத்திரியில் தொட்டியில் அலசாதீர்கள். நம் அம்மாக்கள் இதைத்தான் செய்வார்கள், எத்தனையோ அறைகளில் பார்த்திருக்கிறேன். கப்பலில் ஒருவருக்கு வந்தது சீக்கிரமே பல பேருக்குப் போய்விடும். போனில் மருத்துவ அறைக்குச் சொல்லுங்கள். வந்து அந்தத் துணியைத் தனிப் பையில் கட்டி எடுத்துப் போவார்கள். தண்ணீரில் கரைகிற பை அது, பையோடு அப்படியே இயந்திரத்துக்குள் போகும், யார் கையும் படாது. உங்களை யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள்.

துணிக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் விட மனசில்லை. சியாட்டிலில் கிளம்பும் அலாஸ்கா கப்பல்கள் பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலை நிற்கும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அப்படி நின்றாக வேண்டும் என்பது 1886-இல் வந்த அமெரிக்கச் சட்டத்தால் வந்தது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குக் கனடா விசா வேண்டும். திரும்ப அமெரிக்காவுக்குள் வருவதால் பல முறை நுழையும் அமெரிக்க விசாவும் வேண்டும். இரண்டையும் இப்போதே பாருங்கள்.

ஏறும் நாளில் பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அது அறைவாசலுக்கு வரச் சாயங்காலம் ஆகும், சில சமயம் சாப்பாடு முடிந்த பிறகுதான் வரும். அதனால் மருந்து, பாஸ்போர்ட், கண்ணாடி, ஸ்வெட்டர், ஆளுக்கு ஒரு மாற்று உடுப்பு கைப்பையில் இருக்கட்டும். பெட்டி காலியானதும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

கடைசி இரவு இதற்கு நேர் எதிர். பெட்டியைக் கட்டி, படுக்கும் முன் அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். காலையில் கரையில்தான் அதைத் திரும்பப் பார்ப்பீர்கள். நான் ஸ்டூவர்டாக இருந்தபோது, உங்கள் வயது அம்மா ஒருவர் ஒன்றுவிடாமல் எல்லாச் சேலையையும் மடித்து வைத்து அனுப்பிவிட்டு, நைட்டியோடு கதவைத் திறந்து அழுதார். ராத்திரி ஒரு மணிக்கு நானும் இன்னொரு பையனும் கீழ்த்தளத்தில் மலை மாதிரி குவிந்திருந்த பெட்டிகளில் தேடி எடுத்தோம். எங்களுக்கு அது அதிர்ஷ்டம், எல்லா ராத்திரியும் கிடைக்காது. பெட்டியை மூடுவதற்கு முன்னாலேயே மறுநாள் கட்டப்போகும் சேலை, ப்ளவுஸ், பாவாடை, உள்ளாடை, ஷூ எல்லாவற்றையும் நாற்காலியில் எடுத்து வைத்து, ஐயாவையும் அதையே செய்யச் சொல்லுங்கள். ஈரத்துணி மிச்சம் இருந்தால் பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கைப்பையில் கொண்டுபோங்கள், மகள் வீட்டு இயந்திரத்தில் போட்டுக்கொள்ளலாம்.

சரி, கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். எடுத்துப் போக நினைக்கும் பாவாடையையும் ப்ளவுஸையும் ராத்திரி எட்டு மணிக்கு அலசி, துண்டில் சுருட்டி மிதித்து, மாடிக்குக் கொண்டுபோகாமல் ஏசி ஓடும் படுக்கையறையில் தொங்கவிடுங்கள். காலை ஆறு மணிக்கு நாடாப் பட்டையையும் கைக்குழிப் பக்கத்துத் தையலையும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் அதைப் பெட்டியில் வைக்காதீர்கள்.